முதல் செட் இடக்கைக்கு

ஜிம்மில் சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஆனதும் பல இளைஞர்களுக்கு ஒரே கவலை வருகிறது. கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் மடக்கிப் பார்க்கிறார்கள். வலது பைசெப்ஸ் உருண்டு நிற்கிறது. இடது கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறது. "மாஸ்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இருப்பதுதான். ஒரு டீ சொல்லுங்கள், நிதானமாகப் பேசுவோம். அவசரப்பட்டு இடக்கைக்கு மட்டும் நாலு செட் கூடுதலாகப் போட்டு முழங்கையைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, அரை மணி நேரம் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

முதலில் வித்தியாசம் உண்மையிலேயே எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். இதில் கண்ணாடியை நம்ப வேண்டாம். விளக்கு ஒரு பக்கமிருந்து விழுந்தாலோ, ஒரு தோள் சற்றுச் சாய்ந்திருந்தாலோ கை சிறிதாகவும் பெரிதாகவும் மாறித் தெரியும். தையல்கடையில் இருக்கும் அளவு நாடா போதும். காலையில், பயிற்சிக்கு முன்பு அளக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையில் ரத்தம் ஏறித் தசை வீங்கியிருக்கும், அந்த அளவு கணக்கில் சேராது. தோள்பட்டையின் மேல் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோலை இறுக்காமல் நாடாவைச் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாடா கொஞ்சம் மேலே கீழே நகர்ந்தாலே அளவு மாறிவிடும். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இன்னொரு அளவும் வேண்டும், அது நாடாவைவிட முக்கியம். ஒரே டம்பெல்லை எடுத்து, முழங்கை அசையாமல், உடம்பை ஆட்டாமல், ஒவ்வொரு கையாலும் எத்தனை கர்ல் போட முடிகிறது என்று எண்ணுங்கள். வலக்கை பன்னிரண்டு, இடக்கை ஒன்பது என்று வருகிறதா? இந்த மூன்றுதான் நாம் பேச வேண்டிய வித்தியாசம்.

இது எங்கிருந்து வந்தது? இப்போது டீ கிளாஸை எந்தக் கையில் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உலகில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். கதவைத் திறப்பது, பையைத் தூக்குவது, சுத்தியல் பிடிப்பது எல்லாம் அந்தக் கைதான். எடை தூக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இருபது வருடமாக வலக்கை ஒரு பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பு வலிமையை அளக்கும் கருவியில் வலக்கைப் பழக்கக்காரர்களின் வலக்கை பொதுவாகப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடுதலாகக் காட்டும். இடக்கைப் பழக்கக்காரர்களிடம் இந்த இடைவெளி குறைவு. கத்தரிக்கோலிலிருந்து கதவுப்பிடி வரை வலக்கைக்காகவே செய்த உலகத்தில் வாழ்வதால் அவர்களின் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது.

ஒரு கைக்கே வருடக்கணக்கில் வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்னிஸ் ஆட்டக்காரர்கள்தான் நல்ல சாட்சி. 1962-லும் 1969-லும் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஆஸ்திரேலியரான ராட் லேவர் இடக்கை ஆட்டக்காரர். அவருடைய இடது முன்னங்கை வலதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பருத்திருந்தது, அதற்காகவே பேசப்பட்டது. தசை மட்டுமல்ல, எலும்பும் மாறுகிறது. தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து 1977-ல் வெளியான ஓர் ஆய்வில், மட்டை பிடிக்கும் கையின் எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. உடம்பு எந்த இடத்தில் சுமை விழுகிறதோ அந்த இடத்தைப் பலப்படுத்துகிறது. அதற்கு இடது வலது என்ற பாரபட்சம் கிடையாது.

இனி வருவதுதான் பலர் கவனிக்காத பகுதி. வலக்கை மூன்று ரெப் கூடுதலாகப் போடுவதற்குத் தசையின் பருமன் ஒரு காரணம்தான். ஆரம்ப மாதங்களில் பெரிய காரணம் நரம்பு. தசையில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கூட்டம் இழைகளை ஆள்கிறது. தேர் வடத்தை நூறு பேர் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு ஒன்றாக இழுத்தால்தான் நகரும். பழகிய கையில் மூளையின் கட்டளை நிறைய இழைகளைச் சரியான நேரத்தில் எழுப்புகிறது. பழகாத கையில் பல இழைகள் தாமதமாக வருகின்றன, தேவையில்லாத பக்கத்துத் தசைகள் குறுக்கே இழுக்கின்றன. அதனால்தான் இடக்கையால் கர்ல் போடும்போது தோள் ஏறுகிறது, இடுப்பு வளைகிறது.

1979-ல் மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு வாரம் ஒரு கையை மட்டும் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். முதல் சில வாரங்களில் கூடிய வலிமை பெரும்பாலும் நரம்பின் பழக்கத்தால் வந்தது. அதற்குப் பிறகுதான் தசை பருத்ததன் பங்கு மேலோங்கியது. பயிற்சியே பெறாத கையும் கொஞ்சம் வலிமை பெற்றிருந்தது, ஆனால் அது பருக்கவில்லை. ஒரு கை கற்றது மறு கைக்குப் போய்ச் சேரும் இந்த விந்தையை 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் நமக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. ஒரு கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போது நல்ல கைக்குப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவர் அனுமதித்தால் நல்ல கையைத் தொடர்ந்து பயிற்றுவிப்பதுதான் நல்லது. கட்டுக்குள் இருக்கும் கை இழக்கும் வலிமையில் ஒரு பங்கை அது காப்பாற்றித் தருகிறது.

சரி, இரண்டு கையும் ஒன்றாகத் தூக்கும் பார்பெல் போட்டால் தானாகச் சமமாகிவிடாதா? பெரும்பாலும் ஆகாது. பார்பெல் வித்தியாசத்தை மறைக்கிறது. கம்பி மேலே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே வலக்கை தன் பாதிக்கு மேல் சுமந்திருக்கலாம். எடை தூக்கும் விளையாட்டே ஒரு காலத்தில் ஒவ்வொரு கையையும் தனியாகச் சோதித்தது. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஒற்றைக்கைப் போட்டி தனியாக இருந்தது. பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட் 71 கிலோ தூக்கி வென்றார். 1920, 1924 ஒலிம்பிக்குகளிலும் ஒற்றைக்கைத் தூக்கல்கள் இருந்தன. 1928 முதல் இரண்டு கைத் தூக்கல்கள் மட்டும்தான். நம் ஊர் கர்லாக்கட்டைப் பயிற்சியில் அந்தப் பழைய ஒழுங்கு இன்னும் இருக்கிறது. ஒரு கையில் சுற்றினால் அதே எண்ணிக்கை மறு கையிலும் சுற்ற வேண்டும்.

பார்பெல்லில் வேறு சில சிறு பிழைகளும் வித்தியாசத்தை வளர்க்கும். கைகளைக் கம்பியின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வைக்காதது முதல் பிழை. கம்பியில் சொரசொரப்புக்கு நடுவே இருக்கும் வளையக் கோடுகளை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். டெட்லிப்டில் ஒரு உள்ளங்கை முன்னோக்கி, மற்றது உடம்பை நோக்கி என்று கலப்புப் பிடியில் எப்போதும் ஒரே பக்கமாகப் பிடிப்பது இரண்டாவது. உள்ளங்கை முன்னோக்கி இருக்கும் கையின் பைசெப்ஸ் மீது இழுவிசை அதிகம், தசைநாண் கிழிவதும் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. எடை குறைவாக இருக்கும் செட்களில் இரண்டு கையும் மேலிருந்து பிடித்தே தூக்குங்கள். கலப்புப் பிடி தேவைப்படும்போது பக்கத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டம்பெல்லுக்கு மாறுங்கள். கர்ல், ஒற்றைக்கை ரோ, தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், ட்ரைசெப்ஸ் என எல்லாவற்றையும் ஒவ்வொரு கையாகச் செய்யுங்கள். முதல் செட் இடக்கைக்கு. உடம்பும் கவனமும் புதிதாக இருக்கும்போது பலவீனமான கை வேலை செய்யட்டும். எடையையும் எண்ணிக்கையையும் அதுவே தீர்மானிக்கட்டும். 8 கிலோவில் இடக்கை ஒன்பது சுத்தமான ரெப் போட்டு நின்றால், வலக்கையும் ஒன்பதோடு நிற்க வேண்டும், தெம்பு இருந்தாலும். எடையை இறக்கும்போது இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கை மூன்று செட்டிலும் பன்னிரண்டைத் தொட்டதும் இரண்டு கைக்கும் எடையைக் கூட்டுங்கள்.

"வலக்கை இளைத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். இளைக்காது. வளர்த்த தசையைக் காப்பதற்கு அதை வளர்க்கத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த வேலை போதும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் பயிற்சியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் மாதக்கணக்கில் தசையின் அளவைத் தக்கவைத்திருந்தார்கள். ஆகவே வலக்கையை முழுக்க நிறுத்தவும் வேண்டாம், வலக்கைக்காக அஞ்சவும் வேண்டாம்.

இரண்டு மாதம் இப்படிச் செய்துவிட்டு, முதலில் செய்ததுபோல இரண்டு கையையும் எண்ணிப் பார்த்தும் இடைவெளி குறையவில்லை என்றால் இடக்கைக்கு ஒரே ஒரு செட் கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பலவீனமான கையின் தசைநாண்களும் பழகாதவைதான். திடீரென்று இரட்டிப்பு வேலை கொடுத்தால் முதலில் வலிப்பது முழங்கையும் தோளும். இன்னொன்றும் பாருங்கள்: சில சமயம் குறை கையில் இருக்காது, தோள்பட்டை எலும்பு சரியாக நகராததில் இருக்கும். இரண்டு கையையும் காதோரமாக நேரே உயர்த்திப் பாருங்கள். ஒரு கை முன்னதாகவே நின்றுவிட்டால் அந்தத் தோளின் இறுக்கத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

சமமின்மை அழகுப் பிரச்சினையைத் தாண்டும் இடம் ஒன்று உண்டு. இந்திய எடைதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலும் முதுகிலும் வலி அவரை விடாமல் தொல்லை செய்தது. 2020-ன் கடைசி மாதங்களில் அமெரிக்காவுக்குப் போய், முன்னாள் எடைதூக்கும் வீரரும் பிசியோதெரபிஸ்ட்டுமான ஆரோன் ஹார்ஷிக்கிடம் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். வலிக்குப் பின்னால் தசைகளின் சமமின்மை இருந்தது, அதைத் திருத்தும் வேலை நடந்தது. 2021 ஏப்ரலில் தாஷ்கண்ட் ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கித் தன் எடைப் பிரிவில் உலக சாதனை செய்தார். அந்த ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளி. அவர் நாடாவால் கையை அளந்துகொண்டிருக்கவில்லை. எந்தப் பக்கம் சுமையைச் சரியாக வாங்கவில்லை என்று தேர்ந்த கண்ணுக்குக் காட்டி, அதைப் பொறுமையாகத் திருத்திக்கொண்டார். வலி இருந்தால் நீங்களும் செய்ய வேண்டியது அதுதான்.

சில அறிகுறிகள் இருந்தால் ஜிம் மாஸ்டரிடம் கேட்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சில வாரங்களுக்குள் ஒரு கை வேகமாக மெலிவது, விரல்களில் மரத்துப்போதல், கழுத்திலிருந்து கைக்கு ஓடும் வலி, பொருள்கள் கையிலிருந்து நழுவுவது ஆகியவை நரம்பு எங்கோ நசுங்குவதைக் காட்டலாம். எடை தூக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு, பைசெப்ஸ் ஒரு பக்கமாக உருண்டு சுருண்டால் தசைநாண் கிழிந்திருக்கலாம். முழங்கைப் பக்கத்துக் கிழிவாக இருந்தால் அறுவை சிகிச்சை தேவையா என்பதைச் சீக்கிரமே முடிவுசெய்ய வேண்டும். ஐஸ் வைத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு கையும் அச்சு அசலாக ஒன்றாகுமா? ஆகாது. பைசெப்ஸ் எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியில் வந்தது. அது ஒரே ஆளின் இரண்டு கையிலும் வேறாக இருக்கலாம், மடக்கும்போது மேடு வேறு வடிவத்தில் எழலாம். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. மாற்றக்கூடியது வலிமை. எட்டிப்பிடிக்க வேண்டிய குறியும் அதுதான்: இரண்டு கையும் ஒரே எடையை, ஒரே எண்ணிக்கையில், ஒரே ஒழுங்கோடு, வலியில்லாமல் தூக்க வேண்டும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் தேதி, எடை, இடக்கை எத்தனை என்று எழுதுங்கள். வலக்கைக்குத் தனிக் கணக்கு வேண்டாம், அது இடக்கையின் எண்ணிக்கையில் நிற்கப் பழகட்டும். மாதக் கடைசியில் இடக்கையை வலக்கையோடு ஒப்பிடாமல், போன மாதத்து இடக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்பது பத்தாகியிருந்தால் பயிற்சி சரியான வழியில் போகிறது, அப்படியே தொடருங்கள்.