ஐந்தருவிப் படத்தில் வானம் ஏன் சொதப்புகிறது?

சாரல் காலக் குற்றாலம். ஐந்தருவி முழுவதையும் அடக்க நாலைந்து படம் எடுத்து ஒட்டுகிறோம். பாறை கச்சிதமாகப் பொருந்துகிறது. வானம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது, ஓரத்தில் கறுப்பு இடைவெளி. ஏன்?

ஒட்டும் மென்பொருள் இரு படங்களுக்கும் பொதுவான புள்ளிகளைத் தேடும். டேவிட் லோவ் 1999இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறை இதில் பேர்போனது. பாறை வெடிப்பிலும் இலை நுனியிலும் புள்ளிகள் ஏராளம். மேகம் மூடிய வானத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. கொட்டும் தண்ணீரோ படத்துக்குப் படம் உருமாறும். நடுவில் கை ஏறி இறங்கினால் ஓரம் காலி. போதாக்குறைக்கு, கரும்பாறைக்காக கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, வானம் வெளுத்து விவரமே பதிவதில்லை. பதியாததை மீட்க முடியாது, இட்டுக்கட்டத்தான் முடியும்.

எனவே செல்போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். வானத்துக்கென்று வெளிச்சம் குறைத்து இன்னொரு சுற்று எடுத்து, பிறகு இரண்டையும் இணையுங்கள். லென்ஸில் படியும் சாரலைத் துடைக்க மறக்காதீர்கள்!

வானத்து ஓட்டையை மென்பொருள் நிரப்பட்டும், பாதகமில்லை. ஆனால் தென்காசிக் கோயில் கோபுரத்தை இப்படி ஒட்டும்போது அதன் ஒன்பது நிலைகளில் ஒன்று விடுபட்டால், இல்லாத சிற்பங்களை மென்பொருள் கற்பனையில் செதுக்கிவிடும். அங்கே ஓரத்தை வெட்டிவிடுவதே மேல்.