தாமிரத் தடம் – 9: வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்

போர்டின் வரைபடமான கெர்பர் ஃபைலை ஃபேக்டரிக்கு அனுப்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த போர்டு திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. லேத்தும் பிரஸ்ஸும் போடும் சத்தம் இன்றும் அங்கே ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே, பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் அரை ஷெட்டை வாடகைக்குப் பிடித்து நாங்கள் செய்துகொண்டிருந்தது, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே வீட்டுக்குச் சொல்லும் சின்னக் கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய போர்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஆன்டெனா தனியாகக் கிடையாது. போர்டின் ஓரத்தில் பாம்பு நெளிவதுபோல் ஓடும் தாமிரக் கோடுதான் ஆன்டெனா.

மேஜைமேல் வைத்தால் வேலை செய்தது. ஷெட் வாசலைத் தாண்டினால் சிக்னல் செத்தது. ரேடியோ சிப்பை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், இரண்டு நாள் சாஃப்ட்வேரைத் திட்டினேன்.

பக்கத்து ஷெட்டில் முப்பது வருஷமாக போர்டு போடும் பெரியவர் டீ குடிக்க வந்தார். போர்டை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“தம்பி, ஆன்டெனாவுக்கு அடியில வெளிச்சமே வரல பாரு. காப்பரை ஊத்தி மூடிட்டியே!”

காலியான இடத்தையெல்லாம் தாமிரத்தால் நிரப்பி கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொதுவான பூஜ்யப் புள்ளியோடு) சேர்ப்பது சாதாரண போர்டுகளில் நல்ல பழக்கம். கைப்பழக்கத்தில் ஆன்டெனாவுக்கு அடியிலும் நிரப்பிவிட்டேன். போர்டின் தடிமனான 1.6 மில்லிமீட்டர் கீழே கிரவுண்ட் இருந்தால், வெளியே போகவேண்டிய அலை இரண்டுக்கும் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். ஆன்டெனாவின் காலடியில் கிரவுண்ட் வேண்டும், அடிவயிற்றில் கூடாது. சிப்பிலிருந்து அதற்குப் போகும் தடமும் தப்பு. இந்த இரண்டு லேயர் போர்டில் ரேடியோவுக்கு வேண்டிய 50 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கிடைக்க ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். நான் போட்டிருந்தது 0.3.

“இது ரோடா, ஒத்தையடிப் பாதையா?” என்றார் பெரியவர். பதில் சொல்லவில்லை.

சோல்டரிங் அயர்னால் சூடு காட்டி, பிளேடால் அடியிலிருந்த தாமிரத்தை உரித்தேன். கால் மணி நேர வேலை. தடத்தை அப்படியே விட்டிருந்தும், சிக்னல் எதிர்ச்சாரி டீக்கடைவரை எட்டியது.

மாடிக்குக் கொண்டுபோனதும் மறுபடி தகராறு. பிளாஸ்டிக் தொட்டியின் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். உள்ளே இருக்கும் தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும், ஆன்டெனாவின் சுருதியையும் கலைத்துவிடும். பெட்டியை ஒரு ஜாண் தள்ளி, ஆன்டெனா பக்கம் வெளியே பார்க்க மாட்டினோம். அதன்பிறகு பிரச்சினை இல்லை.

வீட்டில் கெட்டுப்போன ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடந்தால், பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு போர்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில் நெளிகோடு தெரிந்தால், அதைச் சுற்றி வெளிச்சம் வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)