நகையும் மதிப்பும்: ‘ஷ்றெக்’ இரண்டாம் பாகம் பெற்ற வரவேற்பு

தேவதைக் கதைகள் பெரும்பாலும் மணவினையோடு முடிவன. அரசகுமாரனும் அரசிளங்குமரியும் மணம்புரிந்து நெடுங்காலம் இன்புற்று வாழ்ந்தனர் என்ற அளவிலே கதை சொல்லும் பாட்டி நிறுத்திக்கொள்வாள். கேட்ட குழந்தையும் உறங்கிவிடும். அதன்பின் அவர்கள் எங்ஙனம் இல்லறம் நடத்தினர், பெண்ணைப் பெற்றோர் மருமகனை எங்ஙனம் ஏற்றனர் என்று வினவுவார் இலர். ஆகவே, தேவதைக் கதையொன்றுக்கு இரண்டாம் பாகம் இயற்றப் புகுவோன், கதை முடிந்துவிட்ட இடத்திலே கதையைத் தொடங்கவேண்டிய இடர்ப்பாட்டுக்கு உள்ளாகின்றான். முதற் கதைதானும் நேரிய கதையாக அமையாது, அத்தகைய கதைகளையே எள்ளி நகையாடும் கதையாக அமைந்துவிடின் அவ்விடர்ப்பாடு இருமடங்காகும். ஒருமுறை கேட்டுச் சிரித்த கேலியை மறுமுறை கேட்டுச் சிரிப்பவர் யாவர்?

2004ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான ‘ஷ்றெக்’ என்னும் அசைவூட்டப் படத்தின் இரண்டாம் பாகம் இவ்வினாவுக்கு முகங்கொடுத்தது. அதனை விமர்சகரும் பொதுமக்களும் ஏற்ற முறையும், அதன்பின் வந்த பாகங்களை அவர்கள் மதித்த முறையும் ஒருங்கு வைத்து ஆராயத்தக்கன. ஒரு படைப்பின் தகுதியை நுழைவுச்சீட்டு வருமானத்தைக் கொண்டோ விமர்சனப் புள்ளிகளைக் கொண்டோ எத்துணை அளவுக்குத் துணியலாம் என்பது அவற்றால் ஒருவாறு தெளிவாகும்.

ஷ்றெக் என்பான் வில்லியம் ஸ்டைக் என்னும் அமெரிக்க ஓவியர் 1990இல் வெளியிட்ட சிறுவர் படநூலொன்றிலே தோன்றியவன். சேற்று நிலத்திலே தனித்து வாழும் பச்சைநிற அரக்கன் அவன். 1994இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், ஜெப்றி கற்சன்பேர்க், டேவிட் கெபன் ஆகிய மூவரும் நிறுவிய ட்றீம்வேர்க்ஸ் நிறுவனம் அவனை 2001இல் திரைக்குக் கொணர்ந்தது. கற்சன்பேர்க் அதற்கு முன் டிஸ்னி நிறுவனத்தின் படப்பிரிவுக்குத் தலைவராய் இருந்து மனக்கசப்போடு விலகியவர். எனவே, டிஸ்னி நிறுவனம் தன் உடைமை போலப் பேணி வந்த தேவதைக் கதைகள் யாவும் இப்படத்தில் கேலிக்கு இலக்கானமையை விமர்சகர் பலர் தற்செயல் நிகழ்ச்சியாகக் கொண்டிலர். அரக்கன் அரசிளங்குமரியை மீட்கின்றான்; மந்திரம் நீக்கும் முத்தத்தினால் அரக்கி அழகியாவாள் என்று எதிர்பார்த்திருக்க, அழகியாய்த் தோன்றியவள் அரக்கியாகவே நிலைத்துவிடுகின்றாள். இத்தலைகீழ் முடிவே அப்படத்தின் உயிர்நிலை. கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது. அசைவூட்ட முழுநீளப் படத்துக்கென ஒஸ்கார் பரிசு முதன்முதலாக 2002இல் வழங்கப்பட்டபோது அப்பரிசையும் பெற்றது.

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு நான்கு நிலைக்களங்கள் உண்டென்பது தொல்காப்பியர் கொள்கை. அவற்றுள் முதலாவது எள்ளல். ஏனைய மூன்றும் இளமையும் பேதைமையும் மடமையும் ஆம். எள்ளலைப் பேராசிரியர் தம் உரையில் இருவகைப்படுத்துவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுதல் மற்றொன்று. ஷ்றெக் முதற் படத்தின் நகை பெரும்பாலும் இவற்றுள் முன்னையது. பழங்கதைகளைப் பார்த்து அது சிரித்தது. ஆயின் இவ்வகை நகைக்கு ஒரு குறை உண்டு. எள்ளப்படும் பொருள் ஓங்கி நிற்கும் வரையிலேதான் எள்ளலுக்கும் வலிமை உண்டு. முதற் படம் பெரும் வெற்றியீட்டிய பின்னர், ஓங்கி நின்றது பழைய தேவதைக் கதையன்று. ஷ்றெக் கதையே ஆகும். அரக்கனே நாயகனாய் முடிசூடிக்கொண்ட பின் எதனைக் கவிழ்ப்பது?

இரண்டாம் பாகத்தை இயக்கிய அன்ட்றூ அடம்சன், கெலி அஸ்பரி, கொன்றட் வேர்னன் ஆகியோர் இச்சிக்கலுக்குக் கண்ட வழி எளியது. அதுவே சிறந்ததும் ஆகும். அவர்கள் நகையின் நிலைக்களத்தை மாற்றிக்கொண்டனர். மணமுடித்த அரக்கனும் பியோனாவும் பெண்வீட்டு விருந்துக்கு அழைக்கப்படுகின்றனர். மகள் அழகிய அரசகுமாரனோடு வருவாள் என்று காத்திருந்த தாய்தந்தையர் முன்னே இரண்டு பச்சை அரக்கர் வந்து நிற்கின்றனர். இதற்குமேல் மந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மாமன் வீட்டு வாயிலில் கூச்சத்தோடு நிற்கும் புதுமருமகனின் பேதைமையும், மகளை விட்டுக்கொடுக்க மனமில்லாத தகப்பனின் மடமையும் எந்த நாட்டாருக்கும் விளங்குவன. விருந்து மேசையிலே பேச்சு முற்றி ஒருவர் பெயரை ஒருவர் சினந்து கூவ, இடையிலே கழுதை புகுந்து தன் பெயரையும் தானே கூவும் காட்சியைக் கண்டு சிரிப்பதற்குப் பழைய தேவதைக் கதை எதுவும் அறிந்திருத்தல் வேண்டா.

கதையின் பிற்பகுதியும் இக்குடும்ப வழக்கிலிருந்தே கிளைக்கின்றது. பியோனாவைத் தன் மகனுக்கு மணமுடிக்க எண்ணியிருந்த தேவதை, அரசனது பழைய இரகசியம் ஒன்றைக் கையிற் கொண்டு அவனை நெருக்குகின்றாள்; அரசன் மருமகனைக் கொல்லும்படி சப்பாத்தணிந்த பூனையொன்றை ஏவுகின்றான்; மருமகனோ மனைவியின் நலங்கருதி மருந்து குடித்து அழகிய மானிடனாகின்றான். ஈற்றில் அழகராகவே வாழ்ந்துவிடலாம் என்று கணவன் முன்வரவும், தான் மணந்த அரக்கனே தனக்கு வேண்டும் என்கின்றாள் பியோனா. முதற் படத்தில் மந்திரம் செய்த முடிவை இரண்டாம் படத்தில் ஒரு பெண் தன் தெரிவாகச் செய்கின்றாள். இரு முடிவுகளும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் பின்னதன் கனம் வேறு. விமர்சகர் சிலர் இவ்வேறுபாட்டைக் காணாது, முன்னதன் பொருளையே இது திரும்பக் கூறுகின்றது என்று எழுதியமை பொருந்தாது.

படம் கான் விழாவின் போட்டிப் பிரிவில் மறுபடியும் இடம்பெற்றது. பரிசு எதுவும் பெற்றிலது. பத்திரிகை விமர்சகருட் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஏற்றனர். அன்ரோனியோ பண்டேராஸ் குரல் கொடுத்த பூனையைப் போற்றாதார் அரியர். கொலைஞனாய் வந்து, பிடிபட்டவுடன் கண்களை அகல விரித்து இரக்கம் வேண்டும் அப்பூனை, கழுதைக்கு வாய்த்த நல்ல போட்டியாளனாயிற்று. தேவதைக்குக் குரல் கொடுத்த ஜெனிபர் சோண்டேர்ஸ், அரசிக்குக் குரல் கொடுத்த ஜூலி அன்ட்றூஸ், அரசனுக்குக் குரல் கொடுத்த ஜோன் கிளீஸ் ஆகியோரும் பாராட்டப்பெற்றனர். ஆயினும் அப்பாராட்டில் ஒரு தயக்கம் இழையோடியது. சிக்காகோ நகரத்து றொஜர் ஈபேர்ட் முதற் படத்துக்கு நான்கு நட்சத்திரம் அளித்தவர். இதற்கு மூன்று அளித்தார். உயிர்ப்பும் களிப்பும் உடையதாயினும் முதற் படத்துக்கு நிகராகாது என்பது அவர் துணிபு.

தயக்கத்துக்குக் காரணம் யாது? படம் முழுவதும் விரவிக் கிடக்கும் நிகழ்காலக் கேலிகளே அவற்றுள் முதன்மையானது. பெண்வீட்டு அரசு ஹொலிவூட் நகரம் போலக் காட்சியளிக்கின்றது. அதன் வீதிகளிலே அமெரிக்க வணிகப் பெயர்களைத் திரித்து எழுதிய கடைப்பலகைகள் தொங்குகின்றன. 2002இல் வெளியான ‘ஸ்பைடர் மான்’ படத்தின் தலைகீழ் முத்தம் இரண்டே ஆண்டுகளில் இங்கே பகடியாகின்றது. இத்தகைய நகை விரைவிற் பழகிப் புளித்துவிடும் என்று அன்றே சிலர் எச்சரித்தனர். இருபது ஆண்டுகள் கழிந்தபின் நோக்குமிடத்து, அவ்வெச்சரிக்கை பாதியளவு மெய்யாயிற்று எனலாம். கடைப்பலகைகளை இன்றைய இளைஞர் கவனியாது கடந்து செல்வர். விருந்து மேசைக் காட்சிக்கோ இன்றும் சிரிப்பர்.

இனி, எண்களின் சான்று. றொட்டன் ரொமேற்றோஸ் என்னும் விமர்சனத் தொகுப்பில் முதற் படத்துக்கு ஏறத்தாழ 88 வீதமும் இரண்டாவதற்கு 89 வீதமும் காணப்படுகின்றன. இதுகொண்டு இரண்டாவதே ஒருபடி மேலானது எனப் பலர் முடிவு செய்வர். அது பிழை. அவ்வீதம் படத்துக்கு இட்ட புள்ளியன்று. எழுதப்பட்ட விமர்சனங்களுள் எத்தனை வீதம் சாதகமாய் அமைந்தன என்ற கணக்கேயாகும். ஒரு வகுப்பு மாணவர் யாவரும் நாற்பது நாற்பது புள்ளி பெற்றுச் சாதாரண சித்தி எய்தினராயின் அவ்வகுப்பின் சித்தி வீதம் நூறு; விசேட சித்தி பெற்றார் ஒருவரேனும் அங்கே இல்லாதிருக்கலாம். பரீட்சைப் பெறுபேறுகளை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. ஒவ்வொரு விமர்சனத்தையும் புள்ளியாக்கி நிறையிட்டுச் சராசரி காணும் மெற்றாகிரிற்றிக் என்னும் மற்றொரு தொகுப்பில் முதற் படம் 84 புள்ளியும் இரண்டாவது 75 புள்ளியும் பெற்றன. இரண்டையும் ஒருங்கு நோக்கினால் உண்மை புலப்படும்: இரண்டாம் படத்தை விரும்பினோர் தொகை குறையவில்லை, விருப்பத்தின் செறிவு குறைந்தது.

மக்கள் தீர்ப்போ மிகத் தெளிவானது. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் மட்டும் அப்படம் 44 கோடி டொலர் ஈட்டியது. உலகெங்கும் 90 கோடிக்கு மேல் ஈட்டி, 2004ஆம் ஆண்டில் மிகுந்த வருவாய் பெற்ற படமாக முதலிடம் வகித்தது. ஒஸ்கார் பரிசு மாத்திரம் ‘இன்கிறெடிபிள்ஸ்’ என்னும் வேறொரு படத்துக்குச் சென்றது. அத்தீர்ப்பைக் குறைகூறுவார் சிலரே.

எனினும் வருவாய் எதனை அளக்கின்றது என்பது 2007இல் மூன்றாம் பாகம் வெளிவந்தபோதுதான் நன்கு தெரியவந்தது. மூன்றாம் பாகத்தில் அரசன் இறக்க, அரியணை வேண்டாத ஷ்றெக் அதற்குரிய வேறொருவனைத் தேடிச் செல்கின்றான். கதை பொறுப்பைப் பற்றியது. ஆனால் நகையோ பழைய எள்ளலுக்கே திரும்பிவிட்டது. தேவதைக் கதை மாந்தர் நிகழ்கால அமெரிக்கர் போலப் பேசுவதும் நடப்பதுமே போதும் என்று அதனை ஆக்கியோர் எண்ணினர் போலும். விமர்சகர் சலிப்புற்றனர், சாதகமான விமர்சனங்கள் ஏறத்தாழ 40 வீதமளவுக்கு வீழ்ந்தன. எனினும் முதல் வார இறுதியில் மட்டும் அது அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 கோடி 16 இலட்சம் டொலர் ஈட்டியது. இரண்டாம் பாகம் தன் முதல் வார இறுதியில் ஈட்டியது 10 கோடி 80 இலட்சமே. விமர்சகர் சொல்லை மக்கள் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினோர் உளர்.

அவர்கள் அவசரப்பட்டனர். மூன்றாம் பாகம் அந்நாடுகளில் ஈற்றில் ஈட்டிய மொத்தத் தொகை 32 கோடி. இரண்டாம் பாகத்தினும் 12 கோடி குறைவு. முதல் வார இறுதித் தொகையை அலகாகக் கொள்ளின், இரண்டாம் பாகம் அதன் நான்கு மடங்கை எட்டியது. மூன்றாவது மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. இரண்டாம் பாகம் புதன்கிழமையே வெளிவந்து இரு நாட்களில் ஏறத்தாழ 2 கோடி டொலரை முன்கூட்டியே பெற்றுவிட்டது என்பதைக் கழித்து நோக்கினாலும் வேற்றுமை பெரிதே. முதல் வாரத்திலே திரண்ட கூட்டம் மூன்றாம் பாகத்தைக் கண்டு மதித்த கூட்டமன்று. அதனை இன்னும் காணாத கூட்டம். இரண்டாம் பாகத்தின் மீது கொண்ட அன்பே அவர்களை அங்கே அழைத்து வந்தது. கண்டு மீண்டபின் அவர்கள் அயலாரிடம் சொன்ன சொல், பத்திரிகையில் விமர்சகர் முன்னரே எழுதியிருந்த சொல்லினின்றும் வேறுபட்டதாகத் தெரியவில்லை.

2010இல் வந்த நான்காம் பாகம் இவ்வாராய்ச்சிக்குப் புதிதாக எதுவும் தருவதன்று. குறிப்பிடத்தக்கது, இரண்டாம் பாகத்திலே துணைப்பாத்திரமாய்த் தோன்றிய பூனையின் பிற்கால வரலாறே. 2011இல் அதற்கெனத் தனிப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக ஜோயல் குறோபோட் இயக்கிய ‘இறுதி விருப்பம்’ என்னும் படம் 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஒன்பது உயிர் படைத்த பூனை எட்டினை விளையாட்டாய் இழந்துவிட்டு, ஒன்றே எஞ்சியிருக்கும் நிலையில், ஓநாய் வடிவில் வரும் மரணத்தைக் கண்டு நடுங்கி ஓடுகின்றது. அன்று கண்ணை விரித்து இரக்கம் வேண்டியது நடிப்பு. இங்கே அஞ்சுவது மெய்யான அச்சம். தூரிகையால் தீட்டியது போன்ற அதன் சித்திர அமைதியையும், சிறுவர் படத்திலே மரண பயத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டிய துணிவையும் விமர்சகர் வெகுவாகப் போற்றினர். சாதகமான விமர்சனங்கள் ஏறத்தாழ 95 வீதம். தேவதைக் கதை மாந்தர் பலர் அதிலும் வருகின்றனர். ஆயின் அவர்களை எள்ளுவது படத்தின் நோக்கமன்று. கரடிக் குடும்பத்தோடு வளர்ந்த பெண்ணொருத்தி தனக்கு வேறு குடும்பம் வேண்டுமென்று ஏங்குவதைக் கதை பரிவோடு சொல்கின்றது.

அப்படம் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வார இறுதியிலே பெற்றது 1 கோடி 24 இலட்சம் டொலர் மாத்திரமே. ஷ்றெக் மூன்றாம் பாகம் பெற்றதில் பத்தில் ஒரு பங்கு. நத்தார் விடுமுறை கழிந்து மாதங்கள் செல்லச் செல்ல, கண்டோர் சொல்லக் கேட்டுக் காணச் சென்றோரால் அத்தொகை பெருகி 18 கோடி 50 இலட்சத்தை எய்தியது. தொடக்கத்தின் ஏறக்குறைய பதினைந்து மடங்கு.