'காசாபிளாங்கா'விலிருந்து நாஜிகளை வெட்டினால் என்ன மிஞ்சும்?

1952-ல் மேற்கு ஜெர்மனியில் 'காசாபிளாங்கா' ரிலீஸ் ஆனபோது, படத்தில் நாஜிகளே இல்லை. வில்லன் மேஜர் ஸ்ட்ராசர் மொத்தமாகக் காலி. நாஜி எதிர்ப்புப் போராளி லாஸ்லோ, டப்பிங்கில் நார்வே நாட்டு இயற்பியலாளர் ஆகிவிட்டார். சுமார் 25 நிமிடம் வெட்டு. மிஞ்சியது ஒரு முக்கோணக் காதல் கதை.

படம் பார்க்காதவர்களுக்காக: 1941 டிசம்பர். காசாபிளாங்கா, மொராக்கோவின் துறைமுக நகரம். ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸின் விஷி அரசு அதை ஆள்கிறது. ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா போகத் துடிப்பவர்கள் விசாவுக்காகக் காத்துக்கிடக்கும் ஊர். அங்கே பார் நடத்துகிறார் அமெரிக்கரான ரிக். பாரிஸில் அவரைக் காதலித்து, திடீரென விலகிய இல்சா, இப்போது கணவர் லாஸ்லோவுடன் வந்து நிற்கிறார். ஊரைவிட்டுத் தப்பிக்கத் தேவையான இரண்டு பயண அனுமதிக் கடிதங்கள் ரிக் கையில். கடைசியில் இல்சாவைக் கணவரோடு விமானம் ஏற்றிவிட்டு, ரிக் அங்கேயே நின்றுவிடுகிறார். (80 வருஷப் படத்துக்கு ஸ்பாய்லர் அலர்ட் வேண்டாம்தானே?)

இதில் பிரசாரம் எங்கே?

ரிக்கைக் கவனிங்க. யாருக்காகவும் ரிஸ்க் எடுக்க மாட்டேன் என்பதுதான் அவர் பாலிசி. 1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பர் தாக்கப்படும்வரை அமெரிக்காவும் நேரடியாகப் போரில் இறங்கவில்லை. காதலில் அடிபட்ட ஒருத்தர் ஒதுங்கி நிற்பதை விட்டுப் பக்கம் சேரும் கதை, ஒரு நாட்டின் கதையாகவும் ஓடுகிறது.

அரசுக்கும் இதுதான் தேவைப்பட்டது. 1942 ஜூனில் அமெரிக்காவில் போர்த் தகவல் அலுவலகம் தொடங்கப்பட்டது. ஸ்டூடியோக்கள் முன் அது வைத்த முதல் கேள்வி: இந்தப் படம் போரில் ஜெயிக்க உதவுமா? அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 8-ல் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. காசாபிளாங்கா என்ற பெயர் செய்திகளில் அடிபட, நவம்பர் 26-லேயே நியூயார்க்கில் படத்தைத் திரையிட்டது வார்னர் பிரதர்ஸ்.

தியாகமா, சென்சாரா?

கணவரை விட்டுவிட்டு மனைவி காதலனோடு போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்காது. அதாவது, இல்சா ரிக்கோடு போக வழியே இல்லை. அந்த மூடிய கதவை ரிக் தானே சாத்தியதாகக் காட்டியதுதான் திரைக்கதையின் சாமர்த்தியம். ஆனா, அதை நாம் நம்பணும்னா லாஸ்லோவின் போராட்டம் ரிக்கின் காதலைவிடப் பெரிதாகத் தெரியணும். அதற்கு எதிரே நாஜி வேணும். ஜெர்மன் வெர்ஷனில் உடைந்தது இந்தக் கணக்குதான். போராட்டத்தை எடுத்துவிட்டால், ரிக் செய்வது வெறும் பெருந்தன்மை.

பிரசாரப் படங்கள் பெரும்பாலும் சீக்கிரமே காலாவதி ஆகிவிடும். இது தப்பித்ததற்குக் காரணம் வசனத்தைவிட முகங்கள் என்பேன். திரையில் பெயர் போடப்பட்ட 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் 3 பேர்தான். நாஜி மேஜராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஜெர்மானியர். பாரில் ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும் காட்சியில், அழுதபடி பாடுகிற மடலின் லெபோ, பாரிஸ் விழுந்தபோது தப்பி வந்தவர். அந்தக் கண்ணீருக்குக் கிளிசரின் தேவைப்பட்டிருக்காது.

ஒரு நெருடலும் உண்டு. அந்தக் கீதம் ஒலிக்கும் மொராக்கோ, 1912 முதல் பிரான்ஸின் பிடியில் இருந்த நாடு. கதையின் மையத்தில் ஒரு மொராக்கோ மனிதர்கூட இல்லை. படம் எடுக்கப்பட்ட அதே 1942-ல், அதே நேச அணியைச் சேர்ந்த பிரிட்டன் காந்தியையும் நேருவையும் சிறையில் வைத்திருந்தது. யாருடைய விடுதலை என்ற கேள்வியை இந்தப் படம் தொடவே இல்லை.

போர்த் தகவல் அலுவலகத்துக்கு வேறொரு கவலை. விஷி அரசைப் படம் காட்டிய விதம் அங்குள்ள அதன் ஆதரவாளர்களைச் சீண்டிவிடும் என்று, வட ஆப்பிரிக்காவில் இருந்த படைவீரர்களுக்கு 'காசாபிளாங்கா'வை அது அனுப்பவே இல்லை.