ஐந்து கட்டையில் பாடும் ஆம்ப்ளிஃபயர்

வால்வு என்றதும் சைக்கிள் ட்யூப் ஞாபகம் வந்தால் நீங்கள் இளைஞர். கண்ணாடிக் குழாயும் உள்ளே மினுங்கும் ஆரஞ்சு வெளிச்சமும் ஞாபகம் வந்தால் உங்களுக்குப் பேரன் பேத்தி இருக்க வாய்ப்புண்டு.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் ஆரம்பித்தபோது பாடினவர் பக்கமும் வால்வு, கேட்டவர் பக்கமும் வால்வு. ரேடியோவைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடாகிற வரைக்கும் வீடே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் டிரான்ஸிஸ்டர் வந்தது. வால்வு பரணுக்குப் போனது.

இப்போது அதைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். யார்? ஆபீஸ் போகும் இளைஞர்கள்! ஹெட்போனுக்கென்று குட்டி வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தாங்களே சாலிடர் பண்ணிச் செய்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் என் நண்பர் ஒருவரும் இந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டார். இரண்டு ரூம் போர்ஷன். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கர் போட்டால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். ஹெட்போன்தான் கதி.

அவர் வாங்கியது பழைய ஸ்டாக் 'பெல்' வால்வு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து ரேடியோ வால்வுகள் செய்த கம்பெனி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா வேலை பார்த்ததும் அங்கேதான். (திருவெறும்பூர் பெல் வேறு. அங்கே பாய்லர். இரண்டுக்கும் பொது அம்சம் சூடு மட்டுமே.)

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பாட்டுக்கு முன்னாடி 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். புது வால்வு வாங்கி மாட்டினார். 'ம்ம்ம்ம்.' இன்னொன்று வாங்கினார். அதே 'ம்ம்ம்ம்.' பெட்டியில் விலை அதிகமான ஆசாமிகளில் ஒருவர் வால்வு. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் பத்து ரூபாய் சமாசாரமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் உயிர்

வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றுக்கு இருநூறு, முந்நூறு வோல்ட் டிசி வேண்டும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது ஃபில்டர் கண்டென்ஸரில் பதுங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் வைத்து ஷார்ட் அடிக்கும் வீரம் வேண்டாம். பத்தாயிரம் ஓம்ஸ், ஐந்து வாட் ரெஸிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் மாட்டிச் சில விநாடி குறுக்கே வையுங்கள். மீட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்விட்ச் போட்டு அளக்கும்போது இடது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். வழியில் இருப்பது இதயம்.

இன்னொன்று. தாத்தா ரேடியோவை உடைத்து ஆம்ப்ளிஃபயர் பண்ணுகிறவர்கள் கவனிக்கவும். கல்கத்தா மாதிரி சில ஊர்களில் அந்தக் காலத்தில் டிசி கரண்ட் இருந்தது. அதற்காக டிரான்ஸ்பார்மரே இல்லாத 'ஏசி-டிசி' செட்டுகள் வந்தன. அவற்றின் இரும்புச் சட்டத்துக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நேரடி உறவு. பெட்டிக்குள் இருந்தவரை பரவாயில்லை. அதில் ஹெட்போனைச் செருகினால் காதோடு 230 வோல்ட் ரகசியம் பேசும். அந்த சர்க்யூட்டைத் தொடவே தொடாதீர்கள். தனி டிரான்ஸ்பார்மர், ஃப்யூஸ், சட்டத்துக்கு எர்த். இதில் பேரம் கிடையாது.

சுருதி பாருங்கள்

நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. அதை டிசியாக மாற்றும்போது மிச்சம் நிற்கும் அலை 100. இந்த 100, ஏறக்குறைய ஐந்து கட்டை சுருதி, கீழ் ஸ்தாயியில். 50 அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. ஆக, மின்வாரியம் பாடுவது எப்போதும் ஐந்து கட்டை! கொஞ்சம் கரகரவென்று 100-ல் பாடினால் ஃபில்டர் கண்டென்ஸரைச் சந்தேகியுங்கள். அடிவயிற்றிலிருந்து 50-ல் பாடினால் ஃபிலமெண்டுக்குப் போகும் ஒயர்களைப் பாருங்கள். அவற்றை ஜடை மாதிரி இறுக்க முறுக்கி, இன்புட் ஒயர்களை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து வால்யூமைத் திருப்புங்கள். ரீங்காரமும் கூடவே ஏறி இறங்கினால் கோளாறு வால்யூமுக்கு முன்னால். கேபிளாக இருக்கலாம், எர்த் சுற்றாக இருக்கலாம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓடும் போனை மாட்டுங்கள். சத்தம் போய்விட்டால் எர்த் சுற்றுதான். அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் அவர் நாமினியா என்று பார்த்துக்கொள்ளவும்.

டிரையல் பேலன்ஸ்

நான் பி.காம். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். வால்வின் கேதோடில் ஒரு ரெஸிஸ்டர் இருக்கும். அதன் மேல் வோல்டேஜை அளந்து ஓம்ஸால் வகுத்தால் வால்வு குடிக்கும் கரண்ட் கிடைக்கும். ஆயிரம் ஓம்ஸ், ஐந்து வோல்ட் என்றால் ஐந்து மில்லிஆம்ப்ஸ். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இரண்டும் ஏறக்குறைய டாலி ஆகவேண்டும். ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளாதீர்கள். ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, இடது வால்வை வலதில் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் வால்வு தப்பு. மாறாமல் அங்கேயே நின்றால் வால்வு நிரபராதி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நாலை ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று பெருமாளுக்குத்தான் தெரியும்.

கரகர, படபட என்றால் காய்ந்த ஐஸ் குச்சியால் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது கத்துகிறதோ அங்கே சாலிடர் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது சாக்கெட்டில் அழுக்கு. ஆசை ஹெட்போனைச் செருகும் முன், வால்வு சூடாகி ஒரு நிமிஷம் ஆனபிறகு ஜாக்கில் டிசி வோல்டேஜ் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கவேண்டும். வோல்ட் கணக்கில் இருந்தால் அவுட்புட் கண்டென்ஸர் ஒழுகுகிறது. ஹெட்போன் காயில் கருகும். முதல் சோதனைக்கு மலிவு ஹெட்போன்தான் பலியாடு.

நண்பர் கேஸுக்கு வருவோம். வால்யூமைத் திருப்பினார், ரீங்காரம் அசையவில்லை. போனைக் கழற்றினார், அப்படியே இருந்தது. சுருதி 100. ஃபில்டர் கண்டென்ஸரின் ஒரு கால் சாலிடர் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. ஆன செலவு ஈயம் ஒரு சொட்டு. ஆகாத செலவு டிராயரில் தூங்கும் இரண்டு புது வால்வுகள்.

எல்லாம் சரியான பிறகும், பாட்டு நடுவில் மனைவி கூப்பிடுவது மட்டும் காதில் விழாது. அது கோளாறு இல்லை. ஆனால் அதற்குத்தான் வால்வு ஆம்ப்ளிஃபயரில் இருப்பதைவிட ஹை வோல்டேஜ்!