கார் ஷெட்டுக்குள் டிரம்ஸ்!

குட்டீஸ்... நீங்கள் வீட்டில் டிரம்ஸ் வாசித்தால் என்ன ஆகும்? 'நாளைக்குப் பரீட்சைடா!' என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வருவார். சும்மா கிடக்கும் கார் ஷெட்டை ஒலிப்பதிவு அறையாக்கி விட்டால்?

முடியும். ஏ.ஆர்.ரஹ்மான், 1989ல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில்தான் 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 'ரோஜா' (1992) படத்தின் இசை அங்கே பிறந்ததுதான். இன்று திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி அருகே அவருக்கு ஒரு பிலிம் சிட்டியே இருக்கிறது!

பலர் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டுகின்றனர். பாவம், பசைதான் வீண்! அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும். வெளியே போகும் சத்தம் குறையாது. அதற்குக் கனமான சுவர் வேண்டும். தகர ஷட்டர் உதவாது. கதவிடுக்கில் விரல் நுழையும் சந்து இருந்தாலே போதும், ஒலி நழுவி விடும்.

பெரிய வில்லன், காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம். அதன் அதிர்வு தரை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதனால், ரப்பர் மேல் தனித் தரை போட்டு, பழைய சுவரைத் தொடாமல் உள்ளே இன்னொரு சுவர் எழுப்புவர். அறைக்குள் அறை! தொழிற்சாலைகளில் பெரிய இயந்திரங்களுக்கு அடியில் ரப்பர் வைப்பதும் இதற்காகத்தான்.

சத்தம் போக வழியில்லை என்றால், காற்று வரவும் வழியில்லையே? வளைந்து வளைந்து செல்லும் குழாய் வழியே காற்றை விடுவர். இல்லாவிட்டால், டிரம்மர் வியர்வையில் குளித்து விடுவார்!

அம்மாவின் மொபைல் போனை வைப்ரேட்டரில் போட்டு, மேஜை மேல் வையுங்கள். 'டர்ர்ர்...' என்கிறதா? இப்போது அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துப் பாருங்கள்.