எலும்பு உட்பொருத்திகளும் உலோக அரிமானமும்

எலும்பு உட்பொருத்தி என்பது முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கவோ தேய்ந்த மூட்டுக்கு மாற்றாகவோ அறுவை மூலம் உடலுக்குள் வைக்கப்படும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் "பிளேட் வைத்தல்", "கம்பி வைத்தல்" எனப்படுவது இதுவே. தட்டு, திருகு, எலும்பின் உட்குழாயில் செலுத்தப்படும் தண்டு, செயற்கை இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை உலோகத்தால் ஆனவை. உடலின் நீர்மங்களில் இவ்வுலோகம் மெல்லக் கரைவதே உட்பொருத்தி அரிமானம் எனப்படுகின்றது.

உடல் என்னும் சூழல்

கடலூர்த் துறைமுகப் பகுதியில் இரும்புக் கதவும் மிதிவண்டியும் உள்நாட்டு ஊர்களைவிட விரைவில் துருப்பிடிக்கின்றன. கடற்காற்று சுமந்து வரும் உப்பிலுள்ள குளோரைடே இதற்குக் காரணம். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. குருதியுடன் ஒத்த உப்புநீரின் அளவு 0.9 விழுக்காடு. இது குறைவு எனினும், 37 பாகை செல்சியசு வெப்பமும், கரைந்த ஆக்சிசனும், புரதங்களும் சேர்ந்து உடலை உலோகத்திற்குக் கடினமான இடமாக்குகின்றன. இயல்பாக 7.4 ஆக உள்ள காரகாடித்தன்மைச் சுட்டெண், அறுவைக்குப் பின் காயம்பட்ட திசுவில் 5.5 அளவிற்குக் குறைந்து பின்னர் மீள்கின்றது.

பொன்னும் எவர்சில்வரும்

ஓர் உலோகம் அரிமானத்திலிருந்து தப்ப இரு வழிகள் உண்டு. ஒன்று, எதனோடும் எளிதில் வினைபுரியாதிருத்தல். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் உள்ள பொன் இவ்வகையினது. ஆயினும் பொன் மென்மையானது. கால் எலும்பின் சுமையைத் தாங்காது. மற்றொன்று, வினைபுரிந்து தன் மேல் தானே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக் கொள்ளுதல். உட்பொருத்தி உலோகங்களுள் பெரும்பாலானவை இவ்வழியையே நம்பியுள்ளன. குரோமியம் அல்லது டைட்டேனியத்தின் ஆக்சைடால் ஆன இப்படலம் சில நானோமீட்டர் தடிப்பே உடையது. கீறல் விழுந்தால் ஆக்சிசன் கிடைக்கும் வரை உடனே மீண்டும் உருவாகும்.

வீடுகளில் எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகும் இத்தகையதே. பெயர் எவ்வாறாயினும், உப்பு மிகுந்த ஊறுகாயை நெடுநாள் வைத்தால் அப்பாத்திரத்திலும் சிறு குழிகள் தோன்றலாம். எனவே உட்பொருத்திகளுக்கான 316எல் வகை எஃகில் 17 முதல் 19 விழுக்காடு குரோமியத்துடன், குழிகளைத் தடுக்க 2.25 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்க்கப்படுகின்றது. கரிமம் 0.03 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது.

கோபால்ட்டு-குரோமியக் கலவை தேய்மானத்தை நன்கு தாங்குவதால் மூட்டுகளுக்குப் பயன்படுகின்றது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கொண்ட டைட்டேனியக் கலவை அரிமானத்தை மிகுதியும் எதிர்ப்பது. ஆனால் உராயும் பரப்புகளுக்கு ஏற்றதன்று.

திருகின் அடியில் நிகழ்வது

தட்டின் துளைக்கும் திருகின் தலைக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி இருக்கும். அங்கு தேங்கிய நீர்மத்தில் உள்ள ஆக்சிசன் தீர்ந்துவிட, காப்புப் படலம் பழுதுபட்டால் சீராவதில்லை. கரையும் உலோக அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சுமையைச் சமன்செய்யக் குளோரைடு மேலும் உள்ளே ஈர்க்கப்படுகின்றது. அமிலமும் குளோரைடும் கூடக்கூட அரிப்பு தன்னைத்தானே விரைவுபடுத்திக் கொள்கின்றது. இது இடுக்கு அரிமானம் எனப்படும். வெளியே தட்டு பளபளப்பாக இருக்க, திருகின் அடியில் மட்டும் உலோகம் கரைந்திருப்பது இதனாலேயே.

எலும்பு கூடுமுன் நோயாளி காலை ஊன்றினால், ஒவ்வோர் அடியிலும் திருகும் தட்டும் நுண்ணளவு உராய்ந்து படலம் கிழிபடும். அரித்த குழியிலிருந்து வெடிப்பு தொடங்கி, ஒரு நாள் தட்டு முறியும். விளைவு, மற்றோர் அறுவை. தினக்கூலியையோ மீன்பிடித் தொழிலையோ நம்பியிருப்பவருக்கு இது மேலும் பல மாத வருவாய் இழப்பு. "காலை ஊன்றாதீர்" என்னும் மருத்துவர் கட்டளை எலும்பை மட்டுமன்றி உலோகத்தையும் காப்பதற்கானது எனலாம். வெவ்வேறு உலோகத் தட்டையும் திருகையும் கலந்து பொருத்துவதும் மின்வேதி அரிமானத்திற்கு இடமளிக்கக் கூடும். ஆகவே பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது.

தமிழ்நாட்டில் ஆய்வு

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு உலை எஃகுகளின் அரிமானத்தை ஆய்ந்தோர் உட்பொருத்திகளையும் ஆய்ந்தனர். உ. காமாட்சி முதலி, டி. எம். சிறீதர், பல்தேவ் ராஜ் ஆகியோர் 2003இல் "சாதனா" ஆய்விதழில் எழுதிய கட்டுரை, பழுதான எஃகு உட்பொருத்திகளில் குழி, இடுக்கு அரிமானங்கள் கணிசமாகக் காணப்படுவதைச் சுட்டியது. எஃகில் நைட்ரசன் சேர்த்தல், அயனிப் பதிப்பு, உயிரிப்பீங்கான் பூச்சு ஆகியன தீர்வுகளாக அதில் ஆராயப்பட்டன.

உலோகத்தின் மேல் உலோகம்

அரிமானத்தால் கருவி மட்டுமன்றி உடலும் பாதிக்கப்படும். டெப்யூ நிறுவனத்தின் ஏ.எசு.ஆர். இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் கோபால்ட்டு-குரோமியக் கலவையால் ஆனவை. உராய்வில் வெளிப்பட்ட துகள்களும் அயனிகளும் சுற்றுத் திசுவைச் சிதைத்தன. உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஆகத்தில் இது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் இது பயன்படுத்தப்பட்டிருந்தது. பலரைக் கண்டறிந்து தெரிவிப்பதே கடினமாயிற்று. உட்பொருத்தியின் உறையிலுள்ள ஒட்டுத்தாளை, அதன் வகை, தொகுதி எண்ணுடன் நோயாளி தம் மருத்துவக் குறிப்பில் பாதுகாப்பது இக்காரணத்தால் பயனுடையது.